விஜயதசமியில் எழுதிய ஓர் எழுத்து

சென்னைக்கு வேலைக்குப் போன மகன், தன் பழைய கம்ப்யூட்டரை ஸ்ரீரங்கத்து வீட்டிலேயே விட்டுவிட்டான். “எடைக்குப் போட்டுடும்மா” என்று போனில் சொல்வான். எனக்கு மனசு வரவில்லை. முதுகு புடைத்த அந்த மானிட்டர் கொஞ்ச நேரம் ஓடினாலே உச்சி சூடாகிவிடும். மார்கழியில் பால் உறையாது. கிண்ணத்தை அதன் தலையில் வைத்துவிடுவேன். காலையில் கட்டித் தயிர்.

“ஊரே அதுல படம் பாக்குது, நீ தயிர் பாக்கறே” என்பார் என் கணவர்.

போன ஆனியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. திருவெறும்பூர் தொழிற்சாலையில் லேத் ஓட்டிய வலது கை அசையவில்லை. விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். கீபோர்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். தினமும் பொத்தான்களோடு போராடுவார். ஐப்பசியில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். அங்கே பந்தியில் உட்கார்ந்து தன் கையால் சாப்பிட வேண்டும். அது ஒன்றுதான் அவர் எண்ணம்.

சரஸ்வதி பூஜைக்குக் கீபோர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து, ஏதாவது எழுதித் தொடங்க வேண்டும். அவரும் குளித்து, புது வேட்டி கட்டி உட்கார்ந்தார்.

ஆட்காட்டி விரல் மெல்ல நகர்ந்து ஒரு பொத்தானை அமுக்கியது. திரையில் எழுத்து வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே எழுத்து மறுபடியும் வந்தது. பிறகு வரி வரியாக ஓடியது. அமுக்கிய விரலை அவரால் தூக்க முடியவில்லை.

“பாரு, பக்கம் பக்கமா எழுதறேன்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். திரை நிரம்பிக்கொண்டே போனது. நான்தான் விரலைப் பிடித்து எடுத்துவிட்டேன். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு வந்தார். இடது கையால் அட்சதை போட்டார். அக்கா வீட்டார் பந்திக்குக் கூப்பிட்டபோது, “வயிறு சரியில்லைங்க, நீங்க சாப்பிடுங்க” என்றார். எனக்கும் பசியில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து ரசம் சாதம் பிசைந்து ஊட்டினேன்.

“என்ன பாயசமாம்?”

“பால் பாயசங்க. அக்கா சொன்னா.”

தலையாட்டிவிட்டு அடுத்த வாய் வாங்கிக்கொண்டார்.