ஆறு கதவுக்கும் ஒரே கைப்பிடி

மாமனார் கிருஷ்ணசாமி பாகூருக்குக் கிளம்பிப் போன அன்றைக்கே துர்கா ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டாளே தவிர, பயம் போகவில்லை. அவர் தன் தங்கை வீட்டு மஞ்சள் நீராட்டுக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவார். அதற்குள் சமையலறை அலமாரிக் கதவுகள் ஆறையும் கழற்றி, சுரண்டி, பெயின்ட் அடித்து, மறுபடி மாட்டிவிட வேண்டும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

முதலியார்பேட்டையில் அந்த வீட்டுச் சமையலறை மருமகளுடையது அல்ல, மாமனாருடையது. வேலை பார்த்த பஞ்சாலை மூடியபோது கிருஷ்ணசாமி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர், எழுந்திருக்க ஒரு வருஷம் ஆயிற்று. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போய்ப் படுத்துக்கொள்வார். அப்போது மாமியாரும் உயிரோடு இல்லை. துர்கா காந்தி வீதித் துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் அவள் களைத்துப்போய் வீடு திரும்பினால், அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் மாமனார் கரண்டியோடு நிற்கிறார். அன்றிலிருந்து அடுப்பு அவர் கைக்குப் போனது, அவரும் மனுஷராகத் திரும்பி வந்தார்.

திரும்பி வந்தவர் கொஞ்சம் அதிகாரத்தோடு வந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த இரண்டு வருஷமாக அது முற்றிவிட்டது. உப்பு ஜாடியை ஒரு சாண் நகர்த்தினால் போதும், “வச்ச எடத்துல வைங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?” என்று வீடு அதிரும். ஒருமுறை துர்கா புளிப்பானையை மேல்தட்டுக்கு மாற்றியதற்கு அன்று முழுவதும் சாப்பிடவில்லை. வயதாக ஆக மாமாவுக்குப் பிடிவாதம் ஏறுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். முழங்கால் வலி என்று பஸ்ஸில் தனியாகப் போவதையும் நிறுத்திவிட்டார். பாகூருக்குக்கூடத் தங்கை மகன் கமலக்கண்ணன்தான் வண்டியில் வந்து கூட்டிப்போனான்.

சரி, இத்தனை பயத்தோடு எதற்கு இந்த வேலை? போன வாரம் ரசத்தில் பச்சைப் பெயின்ட் சில்லு மிதந்தது. கொத்தமல்லி என்று நினைத்து புருஷன் ராஜவேல் மென்றுவிட்டான். இறக்கி வைத்து ஊற்றியவர் கண்ணில் அது எப்படிப் படாமல் போனது என்று துர்கா அப்போது யோசிக்கவில்லை. கதவைத் தட்டினாலே சில்லு கொட்டுகிறது, இடுக்கெல்லாம் கரப்பான் பூச்சி, இதை இப்படியே விட முடியாது என்று மட்டும்தான் யோசித்தாள்.

“அப்பா கோச்சிக்கினா நான் நடுவுல வரமாட்டேன். உன் பாடு, அவரு பாடு” என்று சொல்லிவிட்டு ராஜவேல் ஷிப்டுக்குப் போய்விட்டான். கட்டியவனால் ஆன உதவி அவ்வளவுதான்.

கதவுகள் நல்ல தேக்கு. கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தபோது கிருஷ்ணசாமி வாங்கிவந்து தானே மாட்டியவை. மரம்தான் ஒன்று, கைப்பிடி ஆளுக்கொரு ஜாதி. ஒன்றில் அந்த வீட்டுக்கே உரிய பித்தளைக் குமிழ், ஒன்றில் ஆலையில் நூல் சுற்றும் கட்டை, ஒன்றில் கயிற்று வளையம், ஒன்றில் வளைத்து அடித்த ஆணி, ஒன்றில் உடைந்த கரண்டியின் காம்பு, கடைசியில் ஏதோ பெட்டியின் தோல்வார். பார்க்கச் சகிக்காது. துர்கா அத்தனையையும் பிடுங்கி ஒரு கோணியில் போட்டாள். கடையில் வாங்கிவைத்திருந்த எவர்சில்வர் கைப்பிடிகள் ஆறும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருந்தன.

சோடாவும் சோப்பும் போட்ட வெந்நீரில் எண்ணெய்ப் பிசுக்கு கரைந்து கரைந்து தேன் நிறத்தில் வழிந்தது. அப்புறம்தான் பொட்டு வந்தது. ஆயுத பூஜைக்கு ஆலையில் தறிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துப் பழகிய கை, ஆலை போனபிறகு அடுப்புக்கும் மிக்ஸிக்கும் அலமாரிக் கதவுகளுக்கும் வைத்தது. வருஷா வருஷம் பழைய பொட்டின்மேலேயே புதுப் பொட்டு. எண்ணெய்ப் புகையில் இறுகி, ஒவ்வொரு கதவிலும் பருப்பு ஒட்டியதுபோல் மேடு கட்டியிருந்தது. துர்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். சாமிக்கு வைத்ததைச் சுரண்டலாமா? சுரண்டாவிட்டால் பெயின்ட் நிற்காது. கன்னத்தில் போட்டுக்கொண்டு உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தாள். சிவப்புப் பொடி மடியில் உதிர உதிர, ஏதோ நடக்கப்போகிறது என்று மனது அடித்துக்கொண்டது.

மாமா திட்டினால்கூடப் பரவாயில்லை, வாங்கிக்கொள்ளலாம். கோபித்துக்கொண்டு இனி இந்த அடுப்பங்கரைப் பக்கமே வரமாட்டேன் என்று மறுபடி அந்தக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்? அந்த ஒரு வருஷத்தை அவள் மறக்கவில்லை.

பட்டி பூசி, பிரைமர் அடித்து, மேலே சந்தன நிறம் இரண்டு பூச்சு. ஐப்பசி ஈரக்காற்றில் பெயின்ட் காய்வேனா என்றது. மின்விசிறியைப் போட்டால் தூசி ஒட்டியது, நிறுத்தினால் கொசு ஒட்டியது. அரை மணிக்கு ஒருதரம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து அதிலேயே நாலு தடம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அரைகுறையாகக் காய்ந்த கதவுகளையே மாட்டினாள். உள்ளே டப்பாக்களை மட்டும் ஒரு விரற்கடை மாறாமல் அதனதன் இடத்தில் வைத்தாள். அந்த அளவுக்குப் பயம் வேலை செய்தது.

சாயங்காலம் கமலக்கண்ணன் வாசலில் இறக்கிவிட்டு, மழை வரும் என்று அப்படியே திரும்பிவிட்டான். கிருஷ்ணசாமி சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“என்னாம்மா, வீடெல்லாம் பெயின்ட் வாடை?”

“அலமாரிக் கதவுக்கு அடிச்சேன் மாமா. சில்லு சில்லா கொட்டுது, சோத்துல வுழுதுன்னுதான்…”

அவர் சமையலறை வாசலில் நின்று அலமாரியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது. பழைய பச்சைக்கு இந்தப் பச்சை பளிச்சுன்னு இருக்குது.”

துர்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. குத்திக் காட்டுகிறாரா? முகத்தைப் பார்த்தாள். குத்தலுக்கான அறிகுறியே இல்லை. மருமகள் சந்தோஷப்படட்டும் என்று சொன்ன முகமாக இருந்தது.

வந்ததும் டீ போடுவது அவர் வழக்கம். பாலை அடுப்பில் ஏற்றினார், கை தடுமாறவில்லை. அப்புறம் டீத்தூளுக்காக அலமாரிப் பக்கம் கையை நீட்டினார். விரல் எவர்சில்வர் கைப்பிடியைத் தொட்டு நின்றது. பக்கத்துக் கதவுக்குப் போனது, அங்கேயும் அதே கைப்பிடி. அதற்குக் கீழே, அதே. கதவின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தேடினார். பொட்டு இருந்த இடம் வழவழவென்று இருந்தது. ஒன்றைத் திறந்து டப்பாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பெயின்ட் வாடைதான் எல்லாவற்றையும் மூடிவிட்டதே. வைத்துவிட்டார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் கதவில் கையை ஊன்றி அப்படியே நின்றார்.

“துர்கா… அந்த டீத்தூள எடுத்துக் குடும்மா.”

அந்தச் சமையலறையில் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. துர்கா அடுப்பை அணைத்தாள். வச்ச எடத்துல வைங்க, முழங்கால் வலி, ரசத்தில் மிதந்த சில்லு, பச்சை எல்லாம் ஒரே நொடியில் நெஞ்சில் வந்து இடித்தன.

“மாமா, பச்ச இல்ல மாமா. சந்தனக் கலரு.”

அவர் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“எப்பத்துலருந்து மாமா?”

“ரெண்டு வருசமா மங்கினே வருது. ஓரத்துல கொஞ்சம் நெழலு தெரியும், இப்ப அதுவும் போச்சு” என்றார். குரல் இறங்கிவிட்டது. “ராஜவேலுகிட்ட சொல்லிடாதம்மா. அடுப்பாண்ட வுடமாட்டான். அடுப்பும் இல்லன்னா நான் என்னாத்துக்கு?”

துர்கா பின்கட்டுக்கு ஓடினாள். பழைய இரும்புக்காரனுக்கென்று வைத்திருந்த கோணி நல்லவேளையாக இன்னும் அங்கேயே கிடந்தது. அதைக் கொண்டுவந்து அவர் முன்னால் கவிழ்த்தாள். கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“எது எங்க மாமா?”

அவர் நூல் கட்டையைத் தடவினார். “இது டீத்தூளு, சக்கர.” பித்தளைக் குமிழை எடுத்தார். “இது பருப்பு. கயிறு அரிசிக்கு.” கரண்டிக் காம்பு கைக்கு வந்ததும், “இதாண்ட போனாலே மொளகா நெடி வரும்” என்று லேசாகச் சிரித்தார்.

புதுக் கைப்பிடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. திருகும்போது அவள் சொன்னாள்: “நாளைக்கு கடைக்கு லீவு சொல்றேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம். டாக்டர் சொல்றத கேட்டுட்டு அவுருகிட்ட நானே சொல்றேன். அதுவரைக்கும் அடுப்ப பத்த வைக்கறப்ப நான் பக்கத்துல நிப்பேன். இதுக்கு ஒத்துக்கினாதான் கட்டைய மாட்டுவேன்.”

“மாட்டுடி” என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்த ராஜவேல் அலமாரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இவ்ளோ பாடுபட்டு பெயின்ட் அடிச்சிட்டு, அதே ஓட்ட ஒடசல மாட்டி வச்சிருக்க? இதென்னா, கதவு மேல அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்குது? தேய்ச்சி இன்னொருவாட்டி அடிச்சிடு.”

“வேணாம். இருக்கட்டும்” என்றாள் துர்கா.

நாளைக்கு டாக்டர் என்ன சொல்வாரோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிருஷ்ணசாமி எழுந்துபோய், கட்டையைப் பிடித்துக் கதவைத் திறந்து, மகன் டீக்குச் சர்க்கரை எடுத்தார்.