எதிரே உட்கார்ந்து சொன்ன திதி

என் மனைவி போனபின் அவளுடைய வருஷ ச்ராத்தத்தை மகன்தான் செய்கிறான். ஆவணி மாதம், தேய்பிறை சப்தமி. இந்த வருஷம் அந்தத் திதி, போன வருஷத்தைவிடப் பதினோரு நாள் முன்னாலேயே, ஒரு புதன்கிழமையில் வந்தது. பஞ்சாங்கத்தை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

மகன் கைலாசபுரத்தில், தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்துக்குச் சாப்பிட வருவான். முந்தின ஞாயிறே எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

"வர புதன்கிழமை அம்மாவுக்கு ச்ராத்தம். லீவு போட்டுடு."

வலது கை ரசம் சாதத்தைப் பிசைந்தது. இடது கைக் கட்டைவிரல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தது. "ம்ம்" என்றான். மோர் பரிமாறும்போது மறுபடி சொன்னேன். "சரிப்பா, சரிப்பா." சாப்பிட்டு முடிப்பதற்குள் பதினேழு முறை போனைப் பார்த்தான். என் முகத்தை இரண்டு முறை. அதில் ஒன்று உப்பு கேட்க.

புதன்கிழமை மந்திரம் சொல்லிவைக்க வாத்தியார் வந்தார். ச்ராத்தச் சாப்பாட்டுக்கு இலையில் உட்கார வேண்டிய இருவரும் வந்தார்கள். சமையல் மாமி பாதி வேலையை முடித்துவிட்டார். மகனைக் காணோம். போன் செய்தேன்.

"பிளான்ட்ல இருக்கேம்ப்பா. என்ன?"

"இன்னிக்கு அம்மா ச்ராத்தம்டா!"

"இன்னிக்கா? இன்னும் பதினோரு நாள் இருக்குன்னு போன் காட்றதே. போன வருஷமே போட்டு வெச்சுட்டேன், வருஷா வருஷம் அதுவே ஞாபகப்படுத்தும்."

"இங்கிலீஷ் தேதியைப் போட்டா திதி எப்படிடா வரும்? ஞாயித்துக்கிழமை படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் தட்டியிருக்கலாமேப்பா. சரி, பர்மிஷன் போட்டுட்டு வரேன்."

ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு எதற்கு மெசேஜ்?

"மூணரை தாண்டினா காலம் தப்பிடும், ஸ்வாமி" என்றார் வாத்தியார். பிறகு தன் போனை எடுத்தார். "அதுவரைக்கும் உங்காத்து வைஃபை கிடைக்குமோ?"

காவிரிப் பாலத்து நெரிசலில் சிக்கி, மகன் வந்து சேர இரண்டு மணி ஆயிற்று. குளித்துவிட்டு உட்கார்ந்தான். அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்களையெல்லாம் தடுமாறாமல் சொன்னான். வந்த இருவரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். "எல்லாம் நன்னா நடந்தது" என்று சொல்லிவிட்டு வாத்தியார் கிளம்பினார்.

நடந்ததுதான். ஆனால் வருஷத்தில் அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு நாள். காலையிலிருந்து நான் வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் சாப்பிட வந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன். அவன் அதைக் கவனிக்கவில்லை.