முன் இருக்கை

கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் இன்று சால்டரிங் புகை மூக்கில் ஏறியதும், இப்போது இல்லாமல் போய்விட்ட எங்கள் குஷாய்குடா தொழிற்சாலைப் பேருந்துக்குள் போய்விட்டேன். அம்மாவின் சேலையில் எப்போதும் அந்த வாசனைதான். முன் இருக்கைகளில் அதிகாரிகள் உட்காருவார்கள். பின்னால் பூவும் பேச்சுமாக, அம்மாவைப் போல சால்டரிங் செய்யும் பெண்கள். பள்ளிக்கு நானும் அதில்தான் போவேன். மாலை வகுப்பில் டிப்ளமோ படித்து அம்மா இன்ஜினியரான முதல் நாளும், என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால்தான் போனாள். கூட வேலை செய்த மேரி அத்தை குறுக்கே கை நீட்டினாள்.

“நக்கோ, வேணாம் சரோஜா, இங்க இடமில்ல.”

அம்மாவின் முகம் வாடிவிட்டது. “ஏன்க்கா, நான் என்ன பண்ணேன்?”

“முன்னாடி போய் உக்காருடி. நம்மள்ல ஒருத்தி அங்க உக்கார்றத நாங்க பாக்க வேணாமா?”

அம்மா போய் உட்கார்ந்தாள். ஓடுகிற பேருந்தில் அத்தனை பெண்களும் எழுந்து நின்று பார்த்தார்கள்.