எண்ணெய் ஊறிய தோல்

கருப்பையா அண்ணனைக் கொன்றது மழை அல்ல. நான்தான்!

கையோங்கிக் கொல்லவில்லை. கட்டைவிரல் அகலமே உள்ள நான்கு தோல் துண்டுகளால் கொன்றேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம்... முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ராகலை டவுனுக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், இலையை அரைத்துக் காயவைக்கும் ஆலையில், நான் மெஷின் வேலை பார்த்தேன். அண்ணன் தோட்டத்துத் தபால்காரர். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு ராகலைக்கு இறங்குவார். அவருடையது மலிவான பழைய சைக்கிள். சக்கரத்தில் இரும்பு வளையம், அதைப் பிடிக்க ரப்பர் பிரேக். வெயிலில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் வழுக்கும். காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்தே மனிதர் இறங்குவார்.

அதற்கு மருந்து கண்டவன் நான். மெஷினைச் சுற்றும் தோல் பெல்ட் அறுந்தால், தேய்ந்த பகுதியை வெட்டி எறிவோம். அதை நான்கு துண்டாகச் சீவி என் சைக்கிளில் ரப்பருக்குப் பதிலாகப் பொருத்தினேன்.

முதல் தோல் ஏமாற்றியது. வருடக்கணக்காக மெஷின் எண்ணெய் குடித்த தோல் அது. மழையில் ரப்பரை விட மோசமாக வழுக்கி, என்னைத் தேயிலைச் செடிக்குள் தள்ளியது. கழற்றி மூலையில் போட்டேன். அடுத்து, எண்ணெய் படாத தோல் கிடைத்தது. நனைந்த இரும்பை அது என்னமாய்க் கவ்வியது! முதல் சுற்றில் நீரைத் துடைக்கும், அடுத்த சுற்றில் பிடிக்கும். நாங்கள் குடியிருந்த லயமே என்னை மெச்சியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எனக்கும் போட்டுக் குடுப்பா. வீட்ல தெனம் பயந்துகிட்டே கெடக்கு" என்றார் அண்ணன்.

நல்ல தோல் என் சைக்கிளில் இருந்தது. நான் அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுபவன். அவரோ தினமும் இறங்குபவர். கழற்றிக் கொடுத்திருக்கலாமே... ஏன் மனம் வரவில்லை? பெல்ட் மறுபடி அறுகிறவரை பொறுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். கெட்டிக்காரன் என்ற பெயரை அத்தனை நாள் காக்கவைக்க எனக்குப் பொறுமை இல்லை!

மூலையில் கிடந்ததை எடுத்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்பருகே உலர்த்தினேன். பார்வைக்குப் புதுத்தோல். அன்று வெயில். ஓட்டிப் பார்த்தவர், "நல்லாப் புடிக்குதுப்பா!" என்று தன் மனைவி செல்லம்மாவிடம் ஓடிக் காட்டினார்.

அது எண்ணெய் குடித்த தோல் என்று சொல்லாமல் நானும் கூடச் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. பாலத்து வளைவில் அவர் திரும்பவில்லை. கீழே ஓடையில், பாறைமேல் கிடந்தார். தபால் பை மட்டும் தோளை விட்டு நழுவாமல் இருந்தது.

எல்லோரும் அவரைத் தூக்க ஓடினார்கள். நான் சைக்கிளைத் தூக்கினேன்... ஆம், சைக்கிளை! ஸ்டோர்த் தோல் என்று தோட்டத்தை நடத்தும் தொரை கண்டுகொண்டால் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார். ஸ்டோருக்குப் பின்னால் கொண்டுபோய் நான்கு துண்டுகளையும் கழற்றினேன். விரலெல்லாம் எண்ணெய். அன்று கழற்றி வைத்திருந்த அவருடைய பழைய ரப்பரையே திரும்ப மாட்டி, அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டேன்.

அது முதல் பாவத்தை விடப் பெரிது என்பது சாவு வீட்டில்தான் தெரிந்தது.

வாசலில் கிடந்த சைக்கிளைப் பார்த்த செல்லம்மா அண்ணி, அழுகையை நிறுத்திவிட்டுப் பிணத்தைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி போட்டுக் குடுத்ததக் கழட்டிட்டு இந்தப் பாழாப்போன ரப்பர மாட்டிக்கிட்டா போனீங்க? எங்கள விட ஒங்களுக்கு வீம்பு பெருசாப் போச்சா?"

கூட்டம் தலையசைத்தது. நானும் அசைத்தேன்!

வருடங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு திதிக்கும் முதல் இலை எனக்குத்தான். அவரைக் காக்கப் பார்த்தவனாம் நான். அண்ணனை மன்னிக்க அண்ணியால் இன்னும் முடியவில்லை. அவர் படத்துக்கு விளக்கேற்றும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஏற்றுகிறார்.

போன ஐப்பசியில் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி கழட்டுனாரு? ஒங்ககிட்டயாச்சும் ஏதாவது சொன்னாரா?"

"தெரியலிங்க அண்ணி" என்றேன்.

அந்தச் சோற்றையும் தின்றேன்.