இறக்கத்தில் ஓட்டிப் பார்த்த வண்டி

என் சகலையிடம் ஒரு டீசல் வேன் இருந்தது. அதைத் தவிர அவனைப் பார்த்து நான் பொறாமைப்பட எதுவுமில்லை என்று அப்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சுத்தப் பொய். அவனுடைய அடர்த்தியான தலைமுடி, கல்யாண வீட்டில் கூச்சமில்லாமல் இரண்டாம் பந்தியிலும் உட்காருவது, போகிற இடமெல்லாம் அவனுக்கு ஆள் சேருவது என்று எல்லாமே எனக்கு எரிச்சல்தான். வேன் அதில் முதல் இடம்.

நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். கூக்கால், கிளாவரைப் பக்கம் போய் உருளைக்கிழங்கும் பூண்டும் ஏற்றிவந்து விற்பான். சீசன் வந்தால் அதே வேனைக் கழுவி டூரிஸ்டுகளை ஏற்றுவான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அதில் சர்ச்சுக்கு வந்து இறங்குவான். எங்கள் இரண்டு வீடுகளும் மேட்டில், சர்ச் கீழே. ஆராதனை முடிந்து என் மனைவி மூச்சு வாங்க மேடேறும்போது அந்த வேன் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். அவள் ஒரு நாளாவது அதைவிடப் பெரிய வண்டியிலிருந்து சர்ச் வாசலில் இறங்க வேண்டும், அதை அவன் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று ஊரைவிட்டுக் கிளம்பியது. கிளம்புகிறவர்கள் தங்கள் சாமான்களை வாங்கிக்கொள்கிறீர்களா என்று பள்ளிக்கூடத்து ஆட்களிடம்தான் முதலில் கேட்பார்கள். கட்டிலும் பியானோவும் போன பிறகு அவர்களுடைய வண்டி மிச்சம் இருந்தது. நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள சீமை வண்டி. ஜீப் அதன் பக்கத்தில் நின்றால் பாவமாக இருக்கும். உள்ளே தோல் சீட்டு, குளிருக்கு ஹீட்டர். பேத்துப்பாறையில் என் பங்கு நிலத்தை விற்று, வீடு கட்டவென்று வைத்திருந்த பணத்துக்குள் விலை அடங்கியது.

வாங்குவது சரி, ஓட்டிக் கட்டுப்படியாகுமா? அதைக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் சகலைதான். பல்லைக் கடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டேன். துரை சாவியைக் கொடுத்து, சாயங்காலத்துக்குள் திருப்பித் தரச் சொன்னார். பள்ளிக்கூட வேனில் ஓட்டிப் பழகியிருந்ததால் மலையடிவாரத்து வத்தலக்குண்டு வரை நானே ஓட்டினேன்.

மலையில் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் அப்போது ஒரு காரியம் செய்வார்கள். இறக்கம் வந்ததும் இஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, பிரேக்கை நம்பி உருட்டிக்கொண்டே போவார்கள். ஆபத்துதான். ஆனால் சத்தமில்லாமல் மலை இறக்குகிறவன்தான் டிரைவர் என்று ஊரில் பேச்சு. நானும் அப்படியே இறக்கினேன். பெட்ரோல் முள் அசையவே இல்லை.

"என்னா மைலேஜ் பாத்தியா சகல!" என்றேன். மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கணக்கு வாத்தியார் சொன்ன சொல் இது.

வத்தலக்குண்டில் அச்சகத்தில் பரீட்சைத் தாள் வாங்கும் சோலி எனக்கு இருந்தது. அதற்கு நேரமாகும் என்றார்கள். அதனால் சகலை வண்டியை மேலே கொண்டுபோனான், நான் பின்னால் பஸ்ஸில் வந்தேன். மறுநாள் வெள்ளனே அவன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அண்ணே, வேண்டாம்ணே. ஏத்தத்துல பெட்ரோல மடக்கு மடக்குன்னு குடிக்குது. அதுக்கு டயரு இங்கன கெடைக்காது. ஒரு சாமான் ஒடைஞ்சா மெட்ராசுக்கு எழுதிப் போட்டுட்டு மாசக்கணக்கா காத்துக் கெடக்கணும். நமக்குக் கட்டாதுண்ணே."

"ஏன், நீ வாங்கப் போறியா?"

"நானா? எனக்கெதுக்குண்ணே அந்தச் சனியன்?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. முந்தின நாள் அவன் அந்தக் கதவைத் தடவிப் பார்த்ததைக் கண்டிருந்தேன். தவிர, கிளாவரைக்குப் போனால் நல்ல கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே 'பொடிசா இருக்கே' என்று உதட்டைப் பிதுக்கி விலையைக் குறைக்கிறவன் அவன். என்னிடமும் அதையே செய்கிறான் என்று தோன்றியது. அன்று மாலையே துரையிடம் போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

"தங்கச்சி வீட்டுக்காரரு வேண்டாம்னு சொன்னாரே?" என்றாள் மனைவி.

"அவன் சொன்னதாலதான் வாங்குறேன்."

முதல் ஞாயிறு என் வாழ்க்கையிலேயே நல்ல ஞாயிறு. என் மனைவி நீலப் பட்டுச் சேலையில் அந்த உயரத்திலிருந்து நிதானமாக இறங்கினாள். பாடகர் குழு உள்ளே போகாமல் நின்று பார்த்தது. சகலை வந்து, "நல்லாருக்குண்ணே" என்றான். அவன் முகத்தில் பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். கடுகளவு இருந்திருந்தாலும் கொடுத்த காசு செரித்திருக்கும். இல்லை, பாவி, நிஜமாகவே சந்தோஷப்பட்டான்.

பிறகு அவன் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. சர்ச்சுக்கு இறங்குவதற்குச் செலவே இல்லை, வீட்டுக்கு ஏறுவதற்குள் முள் சாய்ந்துவிடும். இஞ்சினை அணைத்து உருட்டி உருட்டிப் பிரேக் கட்டை தேய்ந்தது. புதுக் கட்டை மெட்ராசிலிருந்து வர மழைக்காலம் முழுவதும் போனது. ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு கத்தரிக்காய்க் குழம்பாக மாறியது. வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிற பேச்சு நின்றது.  மனைவி குறை சொல்லியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன்.

வண்டி ரிப்பேர் சரியாகி வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து இஞ்சினைக் கிளப்பினேன். அவள் ஏறவில்லை. என் பக்கத்துக் கதவருகே வந்து நின்றாள்.

"நான் தங்கச்சி வேன்ல போறேங்க. என் கனத்தையும் சேத்து அது எதுக்கு இழுக்கணும்? கொஞ்சம் பெட்ரோலாச்சும் மிச்சமாகும்ல. நீங்க வெரசா வந்துருங்க, சாப்பிடலாம்."

குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எனக்கு உதவியாகத்தான் சொன்னாள்.

வேன் முன்னால் போனது. அதன் பின்கண்ணாடியில் அக்காவும் தங்கையும் தலையோடு தலை சேர்த்துச் சிரிப்பது தெரிந்தது. சகலை ஏதாவது சொல்லியிருப்பான். என் வண்டியில் ஒன்பது பேர் தாராளமாக உட்காரலாம். நான் ஒருத்தன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அவன் விட்ட டீசல் புகைக்குப் பின்னாலேயே மேடேறினேன்.