குளிர்க் கட்சி மரியநாயகி

தினமும் காலையில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா வாசலில் மகளை இறக்கிவிட்டு, அவள் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள் மரியநாயகி. சில்லென்று இருந்தால்தான் நிம்மதியாகக் கொழுந்து பறிக்கப் புறப்படுவாள். ராகலைக் குளிருக்கு மற்றத் தாய்மார் பிள்ளைகளைக் குல்லாவும் கம்பளியுமாகக் கொண்டுவந்து விட, மூன்று வயது ஜெனுஷா மட்டும் மெல்லிய பருத்திச் சட்டையோடு நிற்பாள்.

"புள்ள வெடவெடன்னு நடுங்குது நாயகி. ஒரு சுவெட்டர போட்டா என்ன?" என்பாள், அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மீனம்மா.

"சூடு அவளுக்கு ஆகாதுக்கா."

மகளை அடுப்படிக்கும் விடமாட்டாள். தேத்தண்ணியைப் பச்சைத் தண்ணீராகும்வரை ஆற்றித்தான் கொடுப்பாள். அவளுக்குக் கிறுக்கு என்று லயத்து வீடுகளில் பேச்சு. கிறுக்கு இல்லை, பயம்.

போன வருடம் கொழும்பில் ஜெனுஷாவின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார்கள். ஒப்பரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. மறுநாள் இதயம் தறிகெட்டு ஓடத் தொடங்கிவிட்டது. இப்படிப்பட்ட அறுவைக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளில் ஒரு சிலருக்கு மட்டும் வரும் துடிப்புக் கோளாறு அது. மருந்தோடு உடம்பையும் குளிர வைக்க வேண்டும் என்றார்கள். மரியநாயகி வார்டுக்குள் போனபோது பிள்ளை உடுப்பில்லாமல் கிடந்தாள். இரண்டு பக்கமும் ஐஸ் பைகள். பெற்ற மனசு தாங்குமா? தன் சுவெட்டரைக் கழற்றிப் போர்த்திவிட்டாள். தாதி ஓடிவந்து அதை எடுத்தார்.

"செத்தவங்களத்தானே மிஸி ஐஸ்ல வைப்பாங்க?"

"சூடு ஏறினா இன்னும் வேகமா அடிக்கும் அம்மா. உயிருக்கே ஆபத்து."

இரண்டு மூன்று நாளில் துடிப்பு அடங்கியது. கம்பளிக் கட்சிக்காரி அன்றோடு குளிர்க் கட்சிக்கு மாறினாள். பிள்ளையின் சுவெட்டர்களையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். தன்னுடையதையும் அதன்பிறகு அவள் போடவில்லை.

நேற்று கிளினிக்கில் டொக்டர் பரிசோதித்துவிட்டு, அந்தக் கோளாறு ஒப்பரேஷன் சமயத்தோடு போய்விட்டது, இனிப் பிள்ளையைக் குளிரில் விடாதீர்கள் என்று கண்டித்து அனுப்பினார்.

இன்று காலை ஜெனுஷாவின் மேல் அம்மாவின் பழைய சுவெட்டர். பாதம் வரை தொங்கியது. மரியநாயகி அதன் கைகளை மடித்துவிட்டு, பித்தான்களைக் கழுத்துவரை போட்டாள்.

"இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்றாள் மீனம்மா.

வேலைக்கு நேரமாகிறது என்று கங்காணி கூப்பிட்டார். இரண்டடி போனவள் திரும்பி வந்து குந்தினாள். மேல் பித்தானைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, மகளின் நெஞ்சில் வைத்துத் துடிப்பைப் பார்த்தாள். பிறகு அந்தப் பித்தானையும் போட்டுவிட்டாள்.