நதியாவின் பென்சில் நோட்டு

"உங்க ப்ளட் குரூப் இன்னாங்க?"

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கும் காலைப் பேருந்தில், பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாளிடம் நதியா கேட்ட முதல் கேள்வி இதுதான். ஊர், பேர் எல்லாம் அவளுக்கு அப்புறம். மடியில் புளிக்கூடையை வைத்திருந்த அந்த அம்மாள், "எனுக்கு இன்னா தெரியும்மா? ரத்தம் செவப்பா இருக்குது, அவ்ளோதான்" என்றாள். நதியா சிரித்துவிட்டு, பின்னலில் செருகியிருந்த பென்சிலிலிருந்து கையை எடுத்தாள்.

வயது இருபத்து நான்கு. கல்லூரியில் இரண்டு வருடம் ரத்ததான மன்றத்தின் செயலாளர். மன்றம் என்றால் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு கோடு போட்ட நோட்டு. நோட்டில் நானூறு பேரின் பெயர், ரத்த வகை, போன் நம்பர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. தேதி மாறிக்கொண்டே இருப்பதால் எல்லாம் பென்சில் எழுத்து. அழித்து அழித்துச் சில இடங்களில் தாளே ஓட்டை. படிப்பு முடிந்த அன்று யாரும் கேட்காததால் அந்த நோட்டும் அவளோடு மலையேறி வந்துவிட்டது. மூன்று வருடம் கழித்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்து அவளுக்குத்தான் போன் வருகிறது. வீட்டில் சிக்னல் இல்லை. காலையும் மாலையும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் போய் நிற்பாள். "வூட்ல ஒரு வேல செய்யாத, ஊருக்கெல்லாம் போன் பேசு" என்று அம்மா பச்சையம்மா திட்டுவாள்.

அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது மன்றத்து நண்பர்கள்தான். கொட்டுகிற மழையில் சின்னராஜ் ரத்தம் கொடுக்கிற ஆளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் பறந்தது, ஊசியைக் கண்டு வெளிறும் பையன்களின் கையைப் பிடித்துக்கொண்டு காஷிஃபா பிரியாணி செய்முறை சொன்னது, கொடுத்தவனுக்குக் கிடைத்த ஒரு பாக்கெட் ஜூஸை ஐந்து பேர் பிடுங்கிக் குடித்தது.

வேலை கேட்டுப் போகும் இடத்தில், "மன்றத்துல என்ன பண்ணீங்க?" என்றால் இதையெல்லாம் ஆசையாகச் சொல்வாள். சின்னராஜ் வருவான், காஷிஃபா வருவாள், நதியா மட்டும் வர மாட்டாள். "நான் சும்மா கூட இருந்தேங்க" என்று முடித்துவிடுவாள். அவள் ஊரில் சாமை அறுக்க இருபது பேர் ஒரு கொல்லையில் இறங்கினால், நான் இவ்வளவு அறுத்தேன் என்று ஒருவரும் சொல்வதில்லை. சொன்னவர் கொல்லைக்கு அடுத்த முறை ஆள் வராது. இப்படியே ஐந்து இடம் கை நழுவிப் போயிற்று.

பயோடேட்டாவிலாவது பெருமை இருக்கட்டும் என்று, ஜமுனாமரத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அம்சவல்லி 'தலைமைப் பண்பில் சிறந்தவர்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள். போன தடவை நேர்காணலுக்கு நதியாவோடு வந்திருந்த மாதையனின் தாளிலும் அதே வரி, அதே எழுத்துப் பிழையோடு. கேட்டதற்கு, "மலையிலேர்ந்து போற எல்லாருக்கும் அதான்டி போட்றேன். நல்லா இல்லியா?" என்றாள்.

மாதையன் திருப்பூருக்குப் போய்விட்டான். இந்த ஆறாவது இடமும் இல்லையென்றால் நதியாவுக்கும் அங்கே தையல் வேலைதான். போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். அதுதான் அவளுக்குப் பயம்.

வாணியம்பாடி செருப்புத் தொழிற்சாலையில், தொழிலாளர் நலப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் மேலாளர் புஷ்ரா அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "எல்லாரும் இதயேதான் எழுதிக்கினு வர்றாங்க. நீங்க இன்னா பண்ணீங்கம்மா? அத சொல்லுங்க."

சின்னராஜ் நாக்கு நுனி வரை வந்துவிட்டான். நதியா அவனை அங்கேயே நிறுத்திவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

புஷ்ரா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஓட்டை விழுந்த இடத்தை விரலால் தடவினார். "யார் எழுத்து இது?"

"என்னுதுங்க."

"எல்லாமேவா?"

"எல்லாமே நான்தாங்க எழுதுனேன். நான்தான் போன் பண்ணுவேன்." சொன்ன பிறகு காது சுட்டது. அந்தக் கூச்சத்தை மறைக்க வழி தெரியாமல், வாய் பழக்கப்பட்ட பாதையில் போயிற்று. "உங்களுது இன்னா குரூப்புங்க, மேடம்?"

"ஏபி நெகட்டிவ்."

நோட்டிலேயே அது இரண்டு பேருக்குத்தான். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது நதியாவுக்கு மறந்துபோனது. கை தானாகப் பின்னலுக்குப் போய்ப் பென்சிலை உருவியது. புஷ்ரா நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, தன் பெயரை எழுத அந்தப் பென்சிலுக்காகக் கையை நீட்டினார்.